பஸ் ரேடியேட்டரில் செய்த பந்தயக் கார்

கார் பறந்தது.

உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமான கார்தான். ஆனாலும் மூன்றாவது வளைவில் தடத்தை விட்டுக் கிளம்பி, ஜன்னல் ஓரம் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த தேவதாசன் மாஸ்டரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் தலைகீழாக விழுந்தது. பின் சக்கரம் இரண்டும் சும்மா சுற்றிவிட்டு நின்றன.

மாஸ்டர் குனிந்து எடுத்தார். "ரேடியேட்டர் அக்கா, பஸ் பள்ளத்துல விழுந்திருச்சு. ஆளுங்க எல்லாம் தப்பிச்சாங்களான்னு எண்ணிப் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.  அன்று காலையிலிருந்து அது பதினோராவது தடவை. பந்தயம் அடுத்த போயா நாளில், பௌர்ணமி விடுமுறையன்று.

போன வாரம் இந்தப் பத்தியில் என் கடையைப் பற்றிச் சொல்லி எழுதவைத்திருந்தேன் அல்லவா. அதைப் படித்துவிட்டு லிந்துலையிலிருந்து ஒரு வாசகி, "ஈயமும் நெருப்புமாக இருந்த நீங்கள் விளையாட்டுக் கார் பக்கம் எப்படிப் போனீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். விளையாட்டுக் கார் என்று எழுதியது எனக்குச் சுருக்கென்றது. இருக்கட்டும். அவருக்காகவே இதைச் சொல்கிறேன்.

ரியாஸ் கடை மாடி

ஹட்டனில் ரியாஸ் தம்பிக்கு மின்சாரச் சாமான் கடை. கீழே பல்ப், வயர், மின்விசிறி. மேலே நீளமான ஒரு அறை. அந்த அறையை அடைத்துக்கொண்டு ஒரு பலகை மேசை. மேசை முழுக்க வளைந்து வளைந்து ஓடும் ஒரு பாதை. நம் ஹட்டன் ரோட்டைச் சுருக்கிப் பலகையில் வைத்த மாதிரி இருக்கும்.

பாதையில் நான்கு தடங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் நடுவில் ஒரு காடி, அதாவது ஒடுக்கமான நீளப் பள்ளம், வெட்டியிருக்கும். காடிக்கு இரண்டு பக்கமும் செப்புப் பட்டை. காரின் மூக்குக்கு அடியில் ஒரு சின்ன நாக்கு உண்டு. அது காடிக்குள் இறங்கி நிற்கும். பட்டையிலிருந்து கரண்ட் எடுத்து மோட்டார் ஓடும். நம் கையில் ஒரு பிடி. விரலால் அழுத்தினால் வேகம், விட்டால் நிற்கும். ஸ்லொட் கார் என்பது இதுதான்.

எளிது என்று நினைக்காதீர்கள். வளைவில் விரலை எடுக்காவிட்டால் நாக்கு காடியை விட்டு எழும்பும். அப்புறம் மாஸ்டரின் சப்பாத்துதான்.

இதை ஓட்ட அந்த மாடியில் கூடும் கிளப்பில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் தலை நரைத்தவர்கள் அல்லது நரைக்கத் தொடங்கியவர்கள். பெண்டாட்டிமார், "சனியன் பிடிச்ச கார்" என்று சொல்வார்களாம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இவர்கள் மாடி ஏறிவிடுவார்கள்.

நான்தான் பாஸ்

என் கடை தலவாக்கலையில். ரேடியேட்டர் ஒட்டும் கடை. போர்டில் இன்றைக்கும் என் வீட்டுக்காரர் சவரிமுத்து பெயர்தான் இருக்கிறது. அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. அவர் இருக்கும்போதே பாதி வேலை என் கையால்தான் நடந்தது. ஆனால் புதிதாக வருகிற டிரைவர் யாராயிருந்தாலும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பாஸ் இல்லையா?" என்று கேட்பார்.

"நான்தான் பாஸ். எறக்குங்க."

நம்பாமல்தான் இறக்குவார்கள். தண்ணீர்த் தொட்டியில் ரேடியேட்டரை முக்கி, குழாயால் காற்று அடிப்பேன். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அந்த இடத்தைச் சுரண்டி, அசிட் தடவி, ஈயம் உருக்கி ஒட்டிவிட்டு மறுபடியும் முக்குவேன். ஒரு குமிழி வரக் கூடாது. வந்தால் என் கடை வாசலை விட்டு அந்த ரேடியேட்டர் போகாது.

ஒரு தடவை அவசரம் என்று ஒரு லொறி டிரைவர், "ஒரு பொட்டுத்தானே, விடுங்க" என்றார். நான் விடவில்லை. வாசலில் உட்கார வைத்து, பிளேன்டீ கொடுத்து, ஒட்டு ஓடிய முழுத் தையலையும் பிரித்து மறுபடி ஒட்டினேன். அன்றைக்கு மழை. அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அடுத்த மாதம் அவரே இன்னொரு டிரைவரைக் கூட்டி வந்து, "இந்த அம்மா ஒட்டுனா மலை ஏறும்" என்றார்.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் என்னை வைத்திருக்கவில்லை. ஆனால் இந்த மலையில் ஏறி இறங்குகிற எத்தனையோ வண்டிகளின் முன்பக்கம் என் கையெழுத்து இருக்கிறது. ஈயத்தில்.

பலகையில் இல்லாத பெயர்

பண்டார தம்பி பஸ் டிரைவர். அவருடைய பஸ் ரேடியேட்டர் என் கடைக்கு வராத வருஷமில்லை. அவரும் இந்தக் கிளப்பில் இருந்தார். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்த அந்த நாட்களில் ஒரு நாள், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காரை எடுத்து என் மேசையில் வைத்தார். அடிச்சட்டம், அவர்கள் பாஷையில் செசி, இரண்டாக உடைந்திருந்தது.

"அக்கே, இதுக்கு புதுசு வராது. நீங்க ஒண்ணு செஞ்சு தரணும்."

"இது என்னா தம்பி, ரேடியேட்டரா? பிளாஸ்டிக்கு ஈயம் பிடிக்குமா?"

"பிளாஸ்டிக் வேணாம். பித்தளைல செய்ங்க. ரேடியேட்டர் பித்தளை தானே!"

அவர் சொன்னது எனக்குப் பிடித்துவிட்டது. கழித்துப் போட்ட ரேடியேட்டர் தொட்டியிலிருந்து தகடு வெட்டிச் செய்து கொடுத்தேன். அதைப் பார்த்து ரியாஸ் தம்பி ஒன்று கேட்டார். மாஸ்டரும் ஒன்று கேட்டார். ஆக மூன்று செசி. கையால் செய்த வண்டிகளுக்கென்று கிளப்பில் தனிப் பந்தயமே தொடங்கிவிட்டார்கள்.

ஒரு நாள் கார் எப்படித்தான் ஓடுகிறது என்று பார்க்க மாடி ஏறினேன். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. வண்டி, ஓட்டியவர், செய்தவர் என்று மூன்று வரிசை. எழுத்துக் கூட்டி வாசித்தேன். மூன்று வண்டிக்கும் செய்தவர் என்ற இடத்தில் பண்டார, ரியாஸ், தேவதாசன்.

மறுபடியும் வாசித்தேன். சரியாகத்தான் வாசித்திருந்தேன்.

"ரியாஸ் தம்பி, இதுல என் பேரு எங்க?"

அவர் காதைத் தடவினார். "அக்கா, அது வந்து, ரூல் அப்படி. வண்டிய ஓட்டி முதல் பந்தயத்த முடிக்கிறவங்க பேருதான் செஞ்சவங்கன்னு போடுறது. முந்தி பெட்டில துண்டு துண்டா வந்த காரப் பூட்டுனவங்களேதான் ஓட்டுனாங்க. அதனால அப்படி எழுதிட்டோம்."

"எழுதினது யாரு?"

மாஸ்டர் கையைத் தூக்கினார். "ரூல்னா ரூல்தானே அக்கா. நீங்களும் ஒண்ணு செஞ்சு ஓட்டி முடிங்க. நாலு தடத்திலயும் ஓடி முடிச்சா நானே என் கையால ஒங்க பேர எழுதுறேன்."

அவர் அதைக் கிண்டலாகத்தான் சொன்னார். எழுபது வயதுக்காரி விளையாட்டுப் பிடியைக் கையில் எடுப்பாளா என்ற தைரியம்.

"அடுத்த பந்தயம் எப்ப?" என்று கேட்டேன்.

பித்தளையும் சைக்கிள் கம்பியும்

என் வண்டிக்குத் தகடு தேடியதே ஒரு கதை. பண்டாரவின் பஸ்ஸில் பதினெட்டு வருஷம் ஓடிய ரேடியேட்டர் ஒன்று கடை மூலையில் கிடந்தது. அதன் மேல் தொட்டியைப் பிரித்தேன். நல்ல கனமான பித்தளை. சுண்ணாம்பு படிந்து வெளுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தால் பொன் மாதிரி வந்தது.

நடுவில் முதுகெலும்பு மாதிரி இரண்டு சைக்கிள் கம்பி. அதற்கு முன்னால் நாக்குப் பூட்ட ஒரு தகடு, பின்னால் மோட்டாரும் அச்சும் உட்கார ஒரு கூடு. இரண்டு பக்கமும் சிறகு மாதிரி ஒவ்வொரு பித்தளைத் துண்டு. பாரம் கீழே இருந்தால்தான் கார் தரையோடு ஒட்டும்.

எல்லாம் மட்டமாக இருக்க வேண்டும். மயிரிழை கோணினாலும் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும். புதிய வீட்டுத் திட்டத்தில் மிஞ்சிய தரை டைல் ஒன்றை வாங்கி வந்து, அதன் மேல் துண்டுகளைக் களிமண்ணால் பிடித்து வைத்து ஒட்டினேன். மோட்டார், சக்கரம், சிவப்பு மேல்மூடி எல்லாம் உடைந்த பழைய காரிலிருந்து ரியாஸ் தம்பி கொடுத்தார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரேடியேட்டர் அசிட் பித்தளைக்கு நல்லது, இரும்புக்கு எமன். ஒட்டி முடித்த கையோடு சோடா மாவுத் தண்ணீரில் கழுவி, அடுப்பு ஓரம் காய வைக்காவிட்டால், எங்கள் ஊர் மூடுபனிக்கு இரண்டே நாளில் கம்பி துருப்பிடித்துவிடும். நான் இரண்டு தடவை கழுவினேன். துண்டால் துடைத்து, பவுடர் பூசாத குறையாக வைத்திருந்தேன்.

கடைசியாக, சிறகு இரண்டையும் முன்னும் பின்னும் ஈயம் ஓடவிட்டுக் கம்பியோடு சேர்த்தேன். தையல் தெரியாத ஒட்டு. காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் குலுக்கினேன். ஒரு சத்தம் இல்லை. மற்ற மூன்றையும் அப்படித்தான் குலுக்கிப் பார்த்துக் கொடுத்திருந்தேன்.

"ஸ்பிரிங் இல்லாத பஸ்"

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். பதினோராவது தடவை விழுந்த காரை மாஸ்டர் என் கையில் வைத்தார். ஒட்டு எல்லாம் அப்படியே இருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமை.

"அக்கே, வளைவுல குதிக்குது," என்றார் பண்டார. "என்டதும் குதிக்கும். ரியாஸ் முதலாளிடதும் குதிக்கும். அதான் நாங்க அந்த எடத்துல விரல எடுக்குறது."

"பலகை சரியில்ல. மூட்டு மூட்டா இருக்கு. அதுல ஏறிக் குதிக்குது."

"பலகை எல்லாருக்கும் ஒண்ணுதானே. பழைய பிளாஸ்டிக் கார் குதிக்கல்லயே."

"அப்ப டயர் சரியில்ல."

பண்டார தலையை ஆட்டினார். "கோவிக்க வேணாம் அக்கே. இது ஸ்பிரிங் இல்லாத பஸ் மாதிரி. ஸ்பிரிங் இல்லாட்டி நான் பஸ் எடுக்க மாட்டேன்."

நான் கோபித்தேன். "என் ஒட்டுல குத்தம் சொல்ல இன்னும் ஒருத்தரும் இந்த மலையில பொறக்கல தம்பி," என்று சொல்லிவிட்டுக் காரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அதுவும் அவர் ஓட்டிய பஸ்தான். வழி முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இறங்கும்போது மட்டும், "அக்கே, பாத்து எறங்குங்க," என்றார்.

போயா நாள்

காலையிலேயே மூடுபனி இறங்கி ஜன்னலை அடைத்திருந்தது. மாடியில் ஈரக் கோட்டு வாசனையும் மோட்டார் எண்ணெய் வாசனையும். கையால் செய்த வண்டிப் பந்தயத்தில் நாங்கள் நால்வர்: ரியாஸ், மாஸ்டர், பண்டார, நான். ஒவ்வொரு தடத்திலும் ஐந்து நிமிடம். நான்கு தடமும் மாறி மாறி ஓட வேண்டும். சுற்றை எண்ண மற்ற உறுப்பினர்கள் நின்றார்கள்.

முதலில் பரிசோதனை. கண்ணாடித் துண்டின் மேல் காரை வைத்து, ரியாஸ் தம்பி தரைக்கு மேல் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கத் தன் வங்கி அட்டையைக் காரின் வயிற்றுக்கு அடியில் விட்டு இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. "அக்கா பாஸ்," என்றார். "நான்தான் பாஸ்னு எப்பயோ சொல்லிட்டேனே," என்றேன்.

முதல் ஐந்து நிமிடத்தில் ஏழு தடவை விழுந்தேன். மற்றவர்கள் மூன்றாவது வளைவில் விரலை எடுத்து நோயாளி மாதிரி நகர்ந்தார்கள். எனக்கு எடுக்க மனசு வரவில்லை. என் வண்டி, என் ஒட்டு, எதற்குப் பயப்பட வேண்டும்?

இரண்டாவது தடத்தில் அது நடந்தது. என் கார் எழும்பி, பக்கத்தில் வந்த பண்டாரவின் காரில் மோதி, இரண்டும் மேசையை விட்டுச் சீமெந்துத் தரையில் விழுந்தன. எடுத்துக் கொடுத்தவர், "அக்கா, ஒங்கடதுல ஒரு ஒட்டு விட்டுருச்சு போல," என்றார். பார்க்க நேரமில்லை. காடியில் வைத்து அழுத்தினேன்.

மூன்றாவது வளைவு வந்தது. விரலை எடுக்கவில்லை. கார் போய்விட்டது.

போய்விட்டது என்றால், விழவில்லை. வளைந்து, அப்படியே வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. மறு சுற்று. மறுபடியும் போனது. குதிப்பே இல்லை. "டக் டக்" என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது. நேரம் முடிகிற வரை ஒரு தடவைகூட விழவில்லை.

மணி அடித்தது. அடுத்த தடத்துக்கு முன் ஐந்து நிமிட இடைவேளை. காரைத் திருப்பிப் பார்த்தேன். இடது சிறகின் முன் ஒட்டு முழுக்க விட்டுப்போயிருந்தது. பின் ஒட்டில் மட்டும் நின்று ஆடியது.

என் வாழ்நாளில் நாலு பேர் பார்க்க என் ஒட்டு விட்டது அதுதான் முதல் தடவை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "அக்கா, பின்னால இருக்கதும் விட்டா தகடு தொங்கும். செப்புப் பட்டைல பட்டா கரண்ட் அடிச்சு மோட்டார் போயிரும். அப்புறம் முடிக்க ஏலாது. சட்டுன்னு ஒட்டிருங்க."

ரியாஸ் தம்பி அதற்குள் ஈயம் ஒட்டும் கோலைச் சூடாக்கி என் கையில் கொடுத்துவிட்டார். ஒரு நிமிட வேலை. ஒட்டினால் பழையபடி கெட்டி. யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. மிச்ச இரண்டு தடத்தையும் விழுந்து விழுந்தாவது முடித்துவிடலாம். பெயர் பலகையில் ஏறிவிடும்.

விரலால் சிறகை ஆட்டிப் பார்த்தேன். கார் வளைவில் சாயும்போது பாரம் இந்தத் தகட்டோடு தனியாக ஆடிக்கொள்கிறது. சக்கரம் தரையை விடவில்லை. குமிழி வரக் கூடாது, சத்தம் வரக் கூடாது என்று நானே இதைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி அடைத்து வைத்திருக்கிறேன். மூன்று பேருடைய வண்டியையும் அப்படித்தான் அடைத்துக் கொடுத்துவிட்டு, டயரையும் பலகையையும் அவர்கள் விரலையும் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

ஈயக் கோலை எடுத்து, நன்றாக இருந்த வலது சிறகின் ஒட்டில் வைத்தேன்.

"அய்யோ அக்கே! அது இல்ல, அந்தப் பக்கம்!" என்று கத்தினார் பண்டார.

"தெரியும். சும்மா இருங்க."

ஈயம் உருகி வழிந்தது. நல்ல ஒட்டு விடுவதற்கு நேரம் எடுத்தது. மிச்சமிருந்த மூன்று ஒட்டையும் கழற்றினேன். சிறகு இரண்டும் கையோடு வந்தன. பிறகு ரியாஸ் தம்பியிடம் மெல்லிய செப்புக் கம்பி வாங்கி, தகட்டுக்கு நான்கு சின்ன வளையம் செய்து, சைக்கிள் கம்பியைச் சுற்றித் தளர்வாகக் கோத்து, வளையத்தின் நுனியைத் தகட்டில் மட்டும் ஒட்டினேன். ஆடும், ஆனால் விழாது. தொங்காத அளவுக்கு மட்டும் இடம்.  

"முப்பது செக்கன்," என்றார் மாஸ்டர்.

"வச்சுட்டேன்."

மூன்றாவது தடம். நான்காவது தடம். இரண்டையும் பற்றி நீட்டி எழுத ஆசைதான். ஆனால் என் கண் என் காரின் சிவப்பு மேல்மூடியை விட்டு நகரவில்லை. அதனால் பார்த்தது கொஞ்சம். கேட்டது ஞாபகம் இருக்கிறது. மற்ற மூன்று காரும் வளைவில் தடதடவென்று குதிக்கிற சத்தம், நடுவில் என்னுடைய "டக் டக்". கடைசித் தடத்தில் ரியாஸ் தம்பியை இரண்டு தடவை முந்தினேன். "யா அல்லா, அக்கா, கொஞ்சம் பாத்துப் போங்க!" என்று சிரித்துக்கொண்டே கத்தினார்.

மொத்தத்தில் அவர்தான் முதலாவது. முதல் பாதியில் நான் விழுந்தது அப்படி. நான் இரண்டாவது. ஆனால் நாலு தடமும் ஓடி முடித்துவிட்டேன்.

மாஸ்டரின் கையெழுத்து

மாஸ்டர் பேனாவை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றார். எழுதவில்லை.

"ஒரு கேள்வி இருக்கு. ஆரம்பிச்ச செசி வேற, முடிச்ச செசி வேற. நடுவுல மாத்தினா அது அதே வண்டியா?"

"மாஸ்டர், விடுங்களேன்," என்றார் ரியாஸ்.

"ரூல்னா ரூல் முதலாளி."

"சரி, ரூலயே பாப்போம்," என்றார் ரியாஸ். "பந்தயத்துக்கு நடுவுல செஞ்சவரத் தவிர வேற யாரும் செசில கை வைக்கக் கூடாது. நீங்க எழுதினதுதானே? இப்ப யாரு கை வச்சது? ஒங்க செசில ஒட்டு விட்டிருந்தா யாரு கை வச்சிருப்பா? நீங்களா?"

மாஸ்டர் தன் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பலகைப் பக்கம் திரும்பி, அவருக்கே உரிய அந்த முத்து முத்தான எழுத்தில் எழுதத் தொடங்கினார். செய்தவர் என்ற வரிசைக்கு வந்ததும் பேனா நின்றது.

"அக்கா, ஒங்க பேரு?"

அவ்வளவு நாளும் ரேடியேட்டர் அக்கா என்றே கூப்பிட்டவர்கள். யாருக்கும் தெரியவில்லை.

"எஸ். லூர்தம்மா. எஸ்-ஐ விட்டுறாதீங்க. அப்பா பேரு."

எழுதினார். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். சரியாக இருந்தது.

மாஸ்டர் அதோடு நிற்கவில்லை. பழந்துணியை எடுத்து, மேலே இருந்த மூன்று வரியிலும் செய்தவர் என்ற இடத்தை அழித்துவிட்டார், தன் பெயர் உட்பட. "இது மூணும் ஒங்க கையால செஞ்சதுதான். ரூல மாத்துவோம். இதுக்கும் ஒங்க பேரத்தான் போடணும்," என்று பேனாவை வைத்தார்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம் மாஸ்டர். அது மூணும் குதிக்குது. குதிக்கிற வண்டிக்கு என் பேரப் போடாதீங்க. நாளைக்குக் கடைக்குக் கொண்டாங்க, பிரிச்சு சரி பண்ணித் தாறேன். அதுக்கப்புறம் எழுதுங்க."